பெட்டியைத் திறந்த கையோடு பிரித்து அடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் துறவற சபை தமிழ்நாட்டுக்கு வந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. முதன்முதலில் தொடங்கிய இல்லத்தை இந்த ஆண்டோடு மூடுகிறோம். அங்கே நான்கு டிரங்குப் பெட்டிகள் நிறையக் கடிதங்கள் (பாதி பிரெஞ்சு, பாதி தமிழ்), இல்ல நாட்குறிப்புகள், நவகன்னியர் (துறவறப் பயிற்சியில் சேர்ந்த புதியவர்கள்) பதிவேடு, இருநூறு படங்கள் இருக்கின்றன. சில கட்டுகள் செல்லரித்துவிட்டன. மொழிவாரியாகப் பிரித்து, நல்லதை லேமினேஷன் செய்து, எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்த பிறகு பழுதானதைக் கழித்துவிடலாம் என்கிறார்கள். பழைய மனத்தாங்கல் கடிதங்களை எரித்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. எப்படிச் செய்வது நல்லது? (ஓர் அருட்சகோதரி)

அன்புள்ள சிஸ்டர்,

பிரிப்பது, லேமினேஷன் செய்வது, கழிப்பது, எரிப்பது ஆகிய நான்குமே வேண்டாம். ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் அது கிட்டத்தட்டக் கடைசி வேலை. உங்களுக்கு உண்மையான அவசரம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அடுக்கைப் பற்றிப் பேசுவோம். எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாள் கிடக்கிறது என்பதே ஒரு செய்தி. ஓர் இடத்திலிருந்து வந்த ஆவணங்களை ஒன்றாகவே வைக்க வேண்டும், வேறு இடத்து ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்று பிரெஞ்சு அரசு 1841-இலேயே தன் காப்பகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உலகமெங்கும் காப்பகத்தார் இன்றும் பிடித்திருக்கும் விதி அது. துறவற சபைகளின் ஆவணங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இயேசு சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1542 டிசம்பரில் அதை நிறுவிய இஞ்ஞாசியார் தம் தோழர் பியர் ஃபாவருக்கு எழுதிய கடிதத்தில், பிறருக்குக் காட்டத்தக்க செய்திகளை முதன்மைக் கடிதத்திலும், மற்றவற்றைத் தனித்தாள்களிலும் எழுதச் சொல்கிறார். முதன்மைக் கடிதம் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டுவதற்கு. தனித்தாளில்தான் பணத் தட்டுப்பாடும் உடல்நலக் குறைவும் ஆட்களைப் பற்றிய கவலையும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நடந்தது புரியும்.

உங்கள் பெட்டியிலும் இப்படி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தாய் இல்லத்துக்கு (சபையின் தலைமை இல்லம்) எழுதிய பிரெஞ்சுக் கடிதத்தின் நகலோடு, அதற்குக் காரணமான தமிழ்க் கடிதமும் ஒரே கட்டில் இருக்கும். மொழிவாரியாகப் பிரித்தால் கேள்வி ஒரு பெட்டிக்கும் பதில் இன்னொரு பெட்டிக்கும் போய்விடும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இல்லத்தில் நான் போவதற்கு முதல் வாரம் இதைச் செய்து முடித்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். தேதி போடாத துண்டுத்தாள்கள் அறுபதுக்கு மேல். எந்தக் கடிதத்தோடு எது வந்தது என்று மடிப்புத் தடத்தையும் மைக் கறையையும் வைத்து மாதக்கணக்கில் தேடினேன். பாதிக்கு மேல் சேர்க்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் திறந்ததும் கைவைக்காமல் போனிலேயே ஒரு படம் எடுங்கள். மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டாக எடுக்கும்போதும் ஒரு படம். கட்டுக்கு ஓர் எண்: பெட்டி 1, கட்டு 1 என்று. எண்ணைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிக் கட்டுக்குள் வையுங்கள். ஆவணத்தின் மேல் பேனா படவே கூடாது. ஒரு நோட்டில் கட்டின் எண், எதைப் பற்றியது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி போதும். ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப், துருப்பிடித்த குண்டூசி ஆகியவற்றை எடுத்துவிட்டு, சேர்ந்திருந்த தாள்களை மடித்த ஒரு வெள்ளைத்தாளுக்குள் சேர்த்தே வையுங்கள். கட்டுகளைச் சுற்றக் கஞ்சி போக வெந்நீரில் அலசிக் காயவைத்த காடாத் துணியும் பருத்தி நாடாவும் நல்லவை. செய்தித்தாளில் மட்டும் சுற்றாதீர்கள். அதிலிருக்கும் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கிவிடும்.

செல்லரித்த கட்டுகளை உடனே மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே நிழலில் வைத்து, மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டுங்கள். வெயிலில் உலர்த்த வேண்டாம், தாள் நொறுங்கும். இராமபாணப் பூச்சி உயிரோடு தெரிந்தால் மருந்து தேட வேண்டியதில்லை. காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டை இட்டு, மைனஸ் 20 டிகிரி வரை போகும் டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை ஒரு முழு நாள் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் பிரீசரில் வைக்கக் கூடாது. அந்துருண்டையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதன் ஆவி பெட்டியைத் திறக்கும் உங்களுக்கே கெடுதல், வேண்டாம். பச்சை வேப்பிலையும் வேண்டாம், ஈரத்தைத்தான் கொண்டுவரும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஓர் ஈரமானி வாங்கி அலமாரிக்குள் வைத்து 45 முதல் 55 வரை இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரி இரும்பாகவும், சுவரிலிருந்து அரை அடி தள்ளியும் இருக்கட்டும்.

லேமினேஷனைப் பற்றி இவ்வளவுதான்: சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது, உள்ளே அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒரு காலத்தில் பெரிய காப்பகங்களே அசிடேட் படலம் வைத்து ஒட்டின. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் சூடில்லாமல் அசிட்டோன் தடவி ஒட்டும் முறையைக்கூடக் கண்டுபிடித்தார்கள். இன்று அதையும் தவிர்க்கச் சொல்கிறோம். பழைய கடிதங்களின் மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்ததாக இருக்கலாம். எழுத்து பழுப்பாகி, தாளின் பின்பக்கமும் தெரிந்தால் அதுவாகத்தான் இருக்கும். அந்தத் தாளை ஈரத் துணியால் துடைக்கவோ, பசை போட்டு ஒட்டவோ செய்யாதீர்கள். கிழிந்ததைக் கிழிந்தபடியே உறைக்குள் வைத்துப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகிக் கேட்கலாம். உங்களில் இளைய சிஸ்டர் ஒருவரை டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. சபைக்குள்ளேயே ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது போகப்போகத் தெரியும்.

எரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1606-இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி (தத்துவ போதகர் என்றால் நம் மக்களுக்குத் தெரியும்) மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற, அதே சபையின் போர்த்துக்கேயக் குரு அங்கே பல ஆண்டுகளாக இருந்தார். நோபிலி காவி உடுத்தி, சந்நியாசி முறையில் வாழத் தொடங்கியது மூத்தவருக்குப் பிடிக்கவில்லை. மேலிடத்துக்குக் குறை எழுதினார். நோபிலி மறுப்பு எழுதினார். வழக்கு கோவாவுக்கும் ரோமுக்கும் போய், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் பக்கம் அனுமதி கொடுக்கும்வரை இழுத்தது. ஒரே சபையின் இரண்டு குருக்களுக்குள் நடந்த மனத்தாங்கல்தானே என்று அன்று யாராவது அந்தத் தாள்களை அடுப்பில் போட்டிருந்தால்? தம் வாதத்தை நிலைநாட்டுவதற்காக பெர்னாண்டஸ் 1616-இல் இந்துச் சடங்குகளைப் பற்றி ஒரு நீண்ட ஏடு எழுதினார். அது ரோமில் கிடந்து, 1973-இல்தான் லிஸ்பனில் அச்சானது. வழக்கில் தோற்றவர் எழுதியது, பதினேழாம் நூற்றாண்டு மதுரையின் வழக்கங்களை அறிய இன்று நமக்கு ஒரு பெரிய சான்று. உங்கள் மதர்மார் ஒருவரையொருவர் குறைசொல்லி எழுதிய கடிதங்களிலும் அன்றைய சமையலறை, சாதிச் சிக்கல், பள்ளிக் கட்டணம், பஞ்சம் எல்லாம் இருக்கும். வேறெங்கும் இருக்காது.

இப்போதே எல்லாரும் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆள்களைப் பற்றிய கோப்புகளைத் தனி உறையில் இட்டு, இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று உங்கள் சபையின் மாநிலத் தலைவியின் (புரொவின்ஷியல்) கையெழுத்தோடு எழுதி மூடுங்கள். வத்திக்கான்கூட திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்து ஆவணங்களை 2020 மார்ச்சில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. குழந்தைகள் தொடர்பான புகார் ஏதேனும் பெட்டியில் இருந்தால் அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஒரு தாள்கூடக் குறையாமல் உடனே மாநிலத் தலைவியின் பொறுப்பில் கொடுங்கள். வழக்கறிஞரின் ஆலோசனையும் கேளுங்கள்.

அப்புறம், பிரதி. கோவாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன இயேசு சபைக் கடிதங்களில் ‘முதல் வழி’, ‘இரண்டாம் வழி’ என்று குறித்திருப்பார்கள். ஒரே கடிதத்தை வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள், ஒன்று மூழ்கினால் இன்னொன்று சேரும். போர்த்துக்கேய அரசு 1759-இல் இயேசு சபையாரைத் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து விரட்டி உடைமைகளைப் பறித்தது. 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. 1814-இல் மீண்டும் உயிர்பெற்று, 1830-களின் இறுதியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பியபோது, அவர்களில் ஒருவரான பெர்த்ராந்து அடிகளார் பழைய கடிதங்களைத் திரட்டிப் பாரிஸில் நான்கு தொகுதிகளாக அச்சிட முடிந்தது. பல இடங்களில் பிரதி இருந்ததால் கிடைத்த பயன் அது. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் மதுரை மாநில இயேசு சபையாரின் காப்பகம் இருக்கிறது. ஒருமுறை போய், வரலாறு தெரிந்த ஒரு சபை தன் தாள்களை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தாய் இல்லத்துக்கும் எழுதிக் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய கடிதங்களின் மூலப் பிரதிகள் அங்கேதான் இருக்கும். இரண்டு பக்கத்துப் பட்டியலும் சேர்ந்தால் வரலாறு பாதி எழுதியதுபோல.

ஸ்கேனும் இந்தப் பிரதி வேலைதான். தாளை இழுக்கும் ஸ்கேனரில் விடாமல், மேலிருந்து ஸ்டாண்டில் மாட்டிய கேமராவால் பிளாஷ் இல்லாமல் எடுங்கள். டிஃப் (TIFF) என்ற, தரம் குறையாத படக் கோப்பாக வையுங்கள். கோப்பின் பெயர் பெட்டி, கட்டு, தாள் எண்ணாகவே இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஹார்டு டிஸ்க்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதனால்தான் மூலத்தைக் கழிக்க வேண்டாம் என்கிறேன். நல்ல தாள் மூன்று நூற்றாண்டு தாங்கும். அதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

இனி அந்த அவசரம். இருநூறு படங்கள் என்றீர்கள். எத்தனையின் பின்னால் பெயர் இருக்கிறது? பெரும்பாலும் இருக்காது. அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பது, தொண்ணூறு வயதில் உங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் சிஸ்டர்கள். தாள் இன்னும் ஓராண்டு காத்திருக்கும், அவர்களின் நினைவு காத்திருக்குமா தெரியாது. படங்களைப் போனில் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, எண் போட்டு அவர்களிடம் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் படம் போதும். ஒருவரை மட்டும் கேட்காமல் இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். பேச்சை அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். யார், எந்த ஆண்டு, எந்த ஊர், யார் படம் எடுத்தது என்று கேளுங்கள். வரிசையில் உள்ள சமையற்காரம்மா, தோட்டக்காரர், வண்டிக்காரர் பெயரையும் கேளுங்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. சொன்னதை மூலப் படத்தின் மேல் எழுதாமல் அதை வைக்கும் உறையில் பென்சிலால் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு படத்தை உள்ளே போடுங்கள். செல்லரித்ததை விலக்குவது தவிர மற்றப் பெட்டி வேலைகள் இப்போதைக்குக் காத்திருக்கட்டும். முதல் பத்துப் படத்தை இந்த வாரமே எடுத்துக்கொண்டு போங்கள்.