"மூணு சாமியா?" என்று கேட்பவருக்கு

மூன்று சாமி இல்லை, ஒரே கடவுள்தான் என்று முதலில் நேராகச் சொல்லிவிடுங்கள் பிரதர்.

காசிமேட்டு வகுப்புக்குப் புதிதாக வந்தவர் "பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னா மூணு சாமியா?" என்று கேட்டார், தண்ணி, ஐஸ், நீராவி உதாரணம் சொன்னதும் இன்னும் குழம்பிவிட்டார் என்கிறீர்கள். குழப்பியது அந்த உதாரணமாகத்தான் இருக்கும். ஒரே தண்ணி உருமாறுவதுபோல பிதாவே பிறகு குமாரனாக வந்தார் என்று ஆகிவிடும். சபெல்லியு என்ற போதகரின் அந்தக் கருத்தை 3-ஆம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவிட்டது. (நம் ஞாயிறு பள்ளிகளில் அந்தத் தண்ணி உதாரணம் இன்னும் ஓடுவது வேறு கதை.)

மாற்கு 1:9-11 வாசிக்கச் சொல்லுங்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்று யோர்தானிலிருந்து கரையேறுகிறார். ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார். வானத்திலிருந்து பிதாவின் சத்தம். மூவரும் ஒரே நேரத்தில்! அடுத்து உபாகமம் 6:4, கர்த்தர் ஒருவரே. பிறகு நீங்கள் விளக்காமல், மாற்கு பகுதியைக் காட்டி "இங்க யார் யார்கிட்ட பேசுறாங்க?" என்று அவரையே கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் அதே மூன்று வசனம், இன்னொரு தரம்.

ஒன்று மட்டும்: ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். நிசேயா (325), கான்ஸ்டான்டிநோபிள் (381) நகரங்களில் சபைத் தலைவர்கள் சங்கமாகக் கூடி வாதாடிய விஷயம் இது. கடலுக்குப் போய்வந்து களைத்து உட்கார்ந்திருப்பவரிடம் அந்தச் சரித்திரத்தை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம்.