கடலுக்குள் கத்தும் டிடெக்டர்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடலில் முழங்கால் ஆழத்தில் தங்க மோதிரம் விழுந்துவிட்டது. அண்ணனின் மெட்டல் டிடெக்டர் தண்ணீரில் ஓயாமல் கத்துகிறது. பழுதா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பழுதில்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமல்லவா? ஒற்றை அதிர்வெண் கருவி அதையே உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. இரும்புத்தாது கலந்த கருமணல் இருந்தால் இன்னும் மோசம். சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறைத்தால் சத்தம் அடங்கும், கூடவே மோதிரமும் சிக்காமல் போய்விடும். பல அதிர்வெண் கருவியோ, மின்துடிப்புகளால் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியோ இரவல் கேளுங்கள். பல்ஸ் கருவி ஆணியையும் தங்கத்தையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது; கத்தும் இடமெல்லாம் தோண்ட வேண்டியதுதான்!

கடல் உள்வாங்கும் வற்றம் பார்த்து இறங்குங்கள். காயிலை (கருவியின் அடியிலுள்ள தேடும் வட்டை) மணலை ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி நகருங்கள். பல கருவிகளில் காயில் மட்டுமே நனையலாம், மின்சுற்று உள்ள பெட்டி நனையக்கூடாது. அதை முதலில் பாருங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே பேட்டரி மூடியைத் திறக்கவும். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் கசியும்.

பழைய கப்பலின் துண்டு கிடைத்தால் தொடாதீர்கள். 60 ஆண்டு கடந்த கப்பல் சிதைவுகளைத் தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டுப் பாரம்பரிய வளச் சட்டம் பாதுகாக்கிறது.