2000 மடங்கு வேண்டாம், ஒரு சொட்டு அயோடின் போதும்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்களிடம் 400 மடங்கு பெருக்கிக் காட்டும் பழைய நுண்ணோக்கி ஒன்று உள்ளது. வெங்காயத் தோலை வைத்தால் செங்கல் அடுக்கியதுபோல் கோடுகள் தெரிகின்றன, உட்கரு தெரிவதில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா எங்கே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் புதிது வாங்கப் பணம் தருகிறேன் என்கிறார். ஒரு வியாபாரி 2000 மடங்கு கருவிக்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டியல் கொடுத்தவர் அடுத்த வாரம் மறுபடியும் வந்து நிற்பார்.

கோடுகள் தெரிகின்றன என்கிறீர்களே, அவைதான் செல் சுவர்கள். சுவர் தெளிவாக விழுந்தால் உங்கள் லென்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறது. உட்கரு தெரியாததற்குப் பெருக்கம் காரணம் இல்லை. அதற்கும் நிறம் கிடையாது, அதைச் சுற்றி இருப்பதற்கும் நிறம் கிடையாது. தண்ணீருக்குள் விழுந்த கண்ணாடிச் சில்லைத் தேடுவது போலத்தான். சாயம் ஏற்ற வேண்டும், வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

நாளைக்கே இப்படிச் செய்து பாருங்கள். பெரிய பல்லாரி வெங்காயம் ஒன்றை நான்காக வெட்டி, சதைப்பற்றான ஓர் இதழை எடுத்து, அதன் குழிந்த உட்பக்கத்தில் நகத்தால் கிள்ளி இழுத்தால் ஈரமான கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வு உரிந்து வரும். வெளியே இருக்கும் சருகுத் தோல் உதவாது. சவ்வைக் காயவிடாமல் உடனே தண்ணீரில் போட்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு வெட்டி, மடிப்பு விழாமல் சிலைடு கண்ணாடியில் விரியுங்கள். மேலே ஒரு சொட்டு நீர்த்த அயோடின். இரண்டு நிமிடம் பொறுங்கள். அதன் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பைச் சாய்த்துப் பிடித்து மெல்ல இறக்குங்கள், அப்போதுதான் காற்றுக் குமிழி சிக்காது. குமிழியின் கறுத்த வட்டத்தை உட்கரு என்று வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வெளிச்சம். சிலைடு வைக்கும் மேடைக்குக் கீழே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் என்ற துளையும் அதற்கு ஒரு சிறு நெம்புகோலும் இருக்கும். பாதிப் பள்ளிகளில் அதை யாரும் தொட்டதே இல்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே பாருங்கள். விளக்குக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த நுண்ணோக்கி என்றால் வளவு முற்றத்தில் விழுவது போன்ற மிதமான பகல் வெளிச்சம்தான் வேண்டும். வெயிலை நேராகக் கண்ணாடியில் பிடிக்கவே கூடாது, பார்க்கும் பிள்ளையின் கண் போய்விடும். 4 லென்ஸில் தொடங்கி, 10-க்கு மாறினால், கண்ணருகு லென்ஸின் 10-ஐயும் சேர்த்துப் பெருக்கி வரும் 100 மடங்கிலேயே பழுப்பு மஞ்சளாக உட்கரு ஒவ்வொரு செல்லிலும் ஓரமாக ஒதுங்கி நிற்பதைக் காணலாம்.

மைட்டோகாண்ட்ரியா இந்த மாதிரிப் பள்ளிக் கருவியில் தெளிவாகத் தெரியாது என்று பிள்ளைகளிடம் உடைத்துச் சொல்லிவிடுங்கள். பாடப்புத்தகத்தில் வண்ண வண்ணமாகப் போட்டிருக்கும் செல் படம், ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையால் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு சேர்த்து வரைந்தது. அந்தக் கருவியின் தொடக்கமே 1931-இல்தான். ராபர்ட் பிரவுன் 1831-இல் உட்கருவுக்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தது மிக எளிய ஒளி நுண்ணோக்கி. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். அது ஒளியின் அலைநீளம் போட்ட எல்லை. எந்த வியாபாரியாலும் அதைத் தாண்ட முடியாது.

சரி, அந்த 2000 எப்படி வந்தது? 100 என்று எழுதிய பொருளருகு லென்ஸும் 20 என்று எழுதிய கண்ணருகு லென்ஸும் சேர்த்துப் பெருக்கிய கணக்கு அது. பழைய கல்யாண குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்கும் ஐயாவின் முகத்தை மட்டும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? முகம் பெரிதாகும், மீசை தெளியாது. அதேதான். லென்ஸின் உடம்பில் 40/0.65 என்று பொறித்திருக்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் உண்மையான திறன். அதை ஆயிரத்தால் பெருக்கினால் உருப்படியான பெருக்கத்தின் உச்சவரம்பு வரும், அதாவது 650. வழக்கமான 100 லென்ஸில் அந்த எண் 1.25, அப்போதும் 1250-தான். அதுவும் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அதற்கென்று உள்ள எண்ணெயை விட்டால்தான். எண்ணெய்க் குப்பி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. கணினியில் சொருகும் 1600 மடங்கு பிளாஸ்டிக் குழாயும், பழம்பொருள் கடையில் பளபளக்கும் பித்தளை நுண்ணோக்கியும் இதே கதைதான். பித்தளையை ஹாலில் அழகுக்கு வைக்கலாம்.

உங்கள் பழைய கருவிக்குச் செலவு செய்வது ஒரே ஒரு நிலையில் மட்டும் நியாயம்: 100 மடங்கில் எல்லாம் பளிச்சென்று இருந்து, 400-க்குப் போனதும் எவ்வளவு திருகியும் மூடுபனியாகவே இருந்தால். அப்போதும் அவசரப்பட வேண்டாம். முதலில் சிலைடு தலைகீழாக இருக்கிறதா பாருங்கள். 40 லென்ஸ் கவர்ஸ்லிப்பிலிருந்து அரை மில்லிமீட்டர் அளவு தூரத்தில்தான் குவியும். சிலைடின் கண்ணாடியே ஒரு மில்லிமீட்டர் தடிமன், அதைத் தாண்டி எட்டாது. இரண்டு கவர்ஸ்லிப் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான். அதுவும் இல்லையென்றால் 40 லென்ஸைக் கழற்றுங்கள். கண்ணருகு லென்ஸைத் தலைகீழாகக் கண்ணோடு வைத்து, உருப்பெருக்கி போல அதன் வழியே 40-இன் முனையைப் பாருங்கள். காய்ந்த அயோடின் கறையோ பழைய எண்ணெய்ப் படலமோ பூதாகரமாகத் தெரியும். லென்ஸ் தாளில் துளி ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைத்தால் போய்விடும், ஊறவைக்கக் கூடாது. உள்ளே நூலாம்படை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தால் அந்த லென்ஸை மட்டும் மாற்றுங்கள். பள்ளி நுண்ணோக்கிகளில் மரை பெரும்பாலும் ஒரே அளவுதான். முழுக் கருவியையும் மாற்றச் சொல்கிறவர் உங்களுக்காகப் பேசவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வருடா வருடம் ‘சர்வீஸ்’ என்று பணம் வாங்கியவர் வெளி இரும்பை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் போனார். லென்ஸில் மூன்று வருடக் கறை அப்படியே இருந்தது.

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். நல்ல கருவிகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. உடைந்தால் யார் கட்டுவது, இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற பயம் ஆசிரியருக்கு. செய்முறைத் தேர்வில் படம் வரைந்தால் மதிப்பெண், பார்த்தானா என்று யாரும் கேட்பதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கருவி வைத்துவிட்டு, ஆளுக்கு அரை நிமிடத்தில் செல்லைப் புரிந்துகொள் என்பது என்ன நியாயம்?

அதனால் மலேசியா அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள்: 2000 மடங்கு ஒன்று வேண்டாம், 400 மடங்கு போகும் எளிய கருவிகள் மூன்று வேண்டும். வெளிச்சத்தைச் சிலைடில் குவிக்கும் கண்டன்சரும் ஐரிஸும் இருக்க வேண்டும், லென்ஸ் கண்ணாடியாக இருக்க வேண்டும். ஹரியானாவில் அறிவியல் கருவிகள் செய்யும் ஊரான அம்பாலாவில் செய்தவையே போதும். பணம் கொடுக்கும் முன் வியாபாரியை உங்கள் வகுப்புக்கே வரச் சொல்லுங்கள். நீங்கள் அயோடின் ஏற்றிய சவ்வை அவர் கருவியில் வைத்து, 400-இல் உட்கருவை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கட்டும். அவள் கண்டுபிடித்த பிறகு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கே ஊருணிப் பாசியில் ஒரு சொட்டுப் பிழிந்து வைத்தால், பச்சைச் செல்களுக்கு நடுவே நுண்ணுயிர்கள் நீந்துவதைப் பார்க்கப் பிள்ளைகள் மணி அடித்த பிறகும் நிற்பார்கள்.