கடிபட்டது கழுத்துதானே

வணக்கம். குன்னூரில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் பகடை ஆட்டம் ஆடுகிறோம். போன வாரம் என் நண்பனின் பாத்திரமான பாலடினை (சபதம் ஏற்ற புனித வீரன்) ஒரு வேம்பயர் (ரத்தக் காட்டேரி) கடித்து, அவனும் வேம்பயராகவே எழுந்துவிட்டான். "இனி உனக்கு தெய்வ சக்தி கிடையாது, உன் பாத்திரத்தின் விவரம் உள்ள ஷீட்டைக் கொடு" என்கிறார் ஆட்டத்தை நடத்தும் டிஎம். சண்டையில் ஆட்டம் பாதியில் நிற்கிறது. செத்து எழுந்தவன் புனிதனாக இருக்க முடியாதா?
ர., குன்னூர்

அன்புள்ள ர.,

கோத்தகிரியில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் டிஎம்முக்காகப் பேசிவிடுகிறேன். 2014இல் வந்த, ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பின்படி, வேம்பயரான கேரக்டரின் குணம் தீயதாகிவிடும். டிஎம் விரும்பினால் அவனைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஷீட்டைக் கேட்டது தப்பில்லை. சக்தி போய்விட்டது என்றதுதான் அவசரம். அதே பதிப்பில் பாலடினின் பலம் தெய்வத்திடமிருந்து மட்டும் வருவதில்லை, நீதியின் மேல் அவன் வைத்த பற்றிலிருந்தும் வருகிறது. கடிபட்டது கழுத்து. சபதத்தை அவன் எப்போது மீறினான்?

நானாக இருந்தால் 'தீய குணம்' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, ஷீட்டை நண்பனிடமே விட்டுவிடுவேன். அவனை வதைக்க மற்ற விதிகளே போதும். பாலடின் கைவைத்தால் காயம் ஆறும் அல்லவா? வேம்பயர் போன்ற நடைப்பிணங்களிடம் அது பலிக்காது. ஊராரைக் குணமாக்கும் கை, தன் காயத்தில் வெறும் கை. (2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இன்னும் மோசம், குணமாக்கும் மந்திரமே அவனைப் புண்ணாக்கும்.) அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. வெயில் ஆகாது, ஜூலை மூட்டத்தில் குன்னூரில் பகலிலேயே உலாவலாம் என்பது வேறு விஷயம். இதற்கெல்லாம் மேல், கூடவே வரும் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) நடைப்பிணங்களை விரட்டப் புனிதச் சின்னத்தைத் தூக்கினால், 30 அடிக்குள் நிற்கும் இவனும் விஸ்டம் சேவ் (மன உறுதியைச் சோதிக்கும் பகடை) உருட்டியாக வேண்டும். தோற்றால் ஒரு நிமிடம் தன் தோழர்களை விட்டே ஓட வேண்டும். பாலடின்களுக்கு அந்த சேவில் பயிற்சி உண்டு. உயிரோடிருந்தபோது கற்றது இப்போது அவனை அவர்கள் பக்கத்தில் நிறுத்திவைக்கும். எனக்குப் பிடித்த இடம் அது.

பேயுருவில் புனிதம் தங்காது என்பது நம் ஊர்க் கணக்கும் இல்லை. காரைக்கால் அம்மையார் அழகான உடலை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கினார். பதிகத்தில் தன்னையே காரைக்கால் பேய் என்கிறார். அந்தப் பேயைத்தான் சிவன் 'அம்மையே' என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார்.

ஆனால் அம்மையார் கேட்டு வாங்கியவர். உங்கள் நண்பனின் பாலடின் கேட்கவில்லை. அம்மையாரின் ஆனந்தம் அவனுக்கு வாய்க்காது. ரத்தப் பசி வாய்க்கும். சபதத்துக்கு வரும் சோதனை கடிபட்ட இரவில் இல்லை, முதல் பசியில். அந்தக் காட்சியை டிஎம் நிதானமாக நடத்தட்டும்.

இதைக் கிளெரிக்காக ஆடுபவரிடம் ஞாயிறு வரை காட்டாதீர்கள். பொதுவில் போட்டுவிட்டு இப்படிச் சொல்வது அபத்தம்தான். இருந்தாலும், சின்னத்தைத் தூக்குவதா வேண்டாமா என்று அவர் தானாகவே திணறட்டும்.