கொலோனியா டெல் சக்ரமென்டோ ஏன் இத்தனை முறை கைமாறியது?

உருகுவேயின் தென்மேற்கில், பிளாட்டா ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் இது. 1680இல் போர்ச்சுகீசியர் நிறுவினார்கள்; 1777இல் ஸ்பெயின் வசம் போகும் வரை இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்தார்கள்.

காரணம் இடம்தான். எதிர்க்கரையில், ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், ஸ்பெயினின் புவெனஸ் அயர்ஸ். அங்கே வெளிநாட்டு வணிகத்துக்கு ஏகப்பட்ட தடை, அதனால் சரக்கெல்லாம் இங்கே இறங்கிக் கள்ளத்தனமாக அக்கரை போனது. பெரிய கடை வாசலுக்கு நேர் எதிரே போட்டிக்காரர் கடை விரித்தால் சும்மா விடுவார்களா?

அந்த இழுபறியை இன்றும் தரையிலேயே பார்க்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: கரடுமுரடான கல் பாவிய போர்ச்சுகீசியத் தெருவில் மழைநீர் நடுவில் ஓடும், ஸ்பானியத் தெருவில் ஓரங்களில் ஓடும்.

அப்புறம், பிளாட்டா என்றால் வெள்ளி என்பதால் இங்கே வெள்ளி தோண்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வெள்ளிச் சுரங்கம் இருந்தது ஆண்டிஸ் மலையின் பொட்டோசியில்.