ரோடு போட்ட கணக்கு கேட்டால் தருவார்களா? மாநகராட்சி ஆவணங்கள் பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி அலுவலகங்களில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) தகவல் கேட்பது பற்றி வந்த கேள்விகள் இவை. கீழே வெறும் 'பிரிவு' என்று வருவதெல்லாம் இந்தச் சட்டத்தின் பிரிவுகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

"அண்ணே, எங்க தெருவுல போட்ட ரோடு ஒரே மழையில பேர்ந்துடுச்சு. 'ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?'னு ஆர்டிஐ போட்டேன். 'அவ்வாறான தகவல் இல்லை'ன்னு பதில் வந்திருக்கு. ஏமாத்துறாங்களா?"

இல்லை தம்பி. எரிச்சலாக இருந்தாலும், நீங்கள் கேட்ட கேள்விக்கு அது சட்டப்படி சரியான பதில்தான். கோப்பில் இருப்பதைத் தருவதுதான் பொதுத் தகவல் அலுவலரின் கடமை. காரணம் யோசித்து எழுதித் தரவோ, புதிதாகத் தகவல் தயாரிக்கவோ அவருக்குக் கட்டாயம் இல்லை. ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் இதைத் தெளிவாக்கிவிட்டது.

அதனால் 'ஏன்' என்பதை விட்டுவிட்டு, காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு ரோடு போட்டால் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும்: மதிப்பீடு, நிர்வாக அனுமதி, மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தம், பணி ஆணை, தரச் சோதனை அறிக்கை, பில். இத்தனையிலும் நான் முதலில் கேட்பது எம்-புக், அதாவது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் அளந்து கையெழுத்துப் போடும் புத்தகம் அது. அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். மதிப்பீட்டில் உள்ள கனத்தையும் எம்-புக்கில் உள்ள கனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பேர்ந்த இடத்துக்குப் போங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்றும் பாருங்கள். அந்தக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. இன்னொன்று: தகவல் என்றால் காகிதம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரிவு 2(ஜே)-இன்படி, வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

"எங்கள் குடியிருப்போர் சங்கம் கேட்ட ஆவணங்கள் பல நூறு பக்கம் என்கிறார்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்ட வேண்டுமாம். மொத்தமும் வாங்குவதா?"

வேண்டாம் ஐயா. 'கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன்' என்று எழுதிக் கொடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்துவிட்டுத் தேவையான பக்கங்களுக்கு மட்டும் நகல் கேளுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஓரத்தில் எழுதிய குறிப்புகள், யார் மேசையில் கோப்பு எத்தனை நாள் கிடந்தது என்ற விவரம் எல்லாம் நேரில் பார்த்தால்தான் கண்ணில் படும்.

"எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கிறார்கள். சொல்லணுமா சார்?"

வேண்டியதில்லை. பிரிவு 6(2). தொடர்புகொள்ள முகவரி இருந்தால் போதும்.

"மனு போட்டு 30 நாள் தாண்டிவிட்டது. பதிலே இல்லை."

பதில் வராததையே மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாள் முடிந்த நாளிலிருந்து அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதமாகத் தந்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது என்பது பிரிவு 7(6). கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள். அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஆணையத்தில் விசாரணைக்கு வர நாளாகும். முதல் மேல்முறையீட்டிலேயே காரியத்தை முடிக்கப் பாருங்கள்.

"ஒப்பந்ததாரர் பற்றிக் கேட்டால் 'தனிப்பட்ட தகவல்' என்று மறுக்கிறார்கள். இது புது விதியா?"

பாதி புதிது. பிரிவு 8(1)(ஜே)-இல் முன்பு பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றி நுழையும் தகவலை மறுக்கலாம் என்றிருந்தது; பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்றும் இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் திருத்தி, 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று மொட்டையாக்கிவிட்டது. என்னைக் கேட்டால் இது மோசமான திருத்தம். கையெழுத்துப் போட்ட அலுவலரின் பெயரைக்கூட இனி மறைக்கப் பார்ப்பார்கள்.

ஆனாலும் வழி அடைபடவில்லை. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம். மனுவிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, எந்தப் பொதுப்பணம், எந்த வேலை என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். காரணம் சொல்லக் கட்டாயமில்லைதான்; இந்த இடத்தில் சொன்னால் நமக்கு நல்லது. கைபேசி எண், வீட்டு முகவரி போன்றவை இருந்தால் அவற்றை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று பிரிவு 10-ஐக் காட்டிக் கேளுங்கள். மறுப்பு நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு மேல்முறையீட்டில் அவர்களுடையது, உங்களுடையது அல்ல.

"அக்கா ஒருத்தி சொன்னாங்க, மனு போடாமலே நிறைய விஷயம் கிடைக்கும்னு. நிஜமா?"

நிஜம்தான். வரவுசெலவு, மானியம் பெற்றவர்கள் விவரம், அலுவலர் பட்டியல் போன்றவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பது பிரிவு 4. ஒப்பந்தப்புள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் 1998லேயே வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. தகவல் உரிமைக்கே 1997இல் இங்கே ஒரு மாநிலச் சட்டம் இருந்தது. விலக்குகள் அதிகம் என்பதால் பெரிதாகப் பயன்படவில்லை. 2022 விதிகளின்படி அமைந்த, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை உங்கள் வார்டில் கூடினால் அங்கேயும் கேளுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஏறினால் அதுவும் ஓர் ஆவணம்.

"கடைசியில் 'கோப்பு காணவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?"

'காணவில்லை' என்பது சட்டத்தில் உள்ள விலக்குகளில் ஒன்று அல்ல. தேடாமலே இப்படிச் சொல்லித் தப்ப முடியாது, தொலைந்திருந்தால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். கூடவே புதிதாக ஒரு மனு: அந்தக் கோப்பு எண்ணுக்குரிய பதிவேட்டுப் பக்கம், கடைசியாக யாரிடம் போனது என்ற பதிவு, அழித்திருந்தால் அழிப்புப் பதிவேட்டின் நகல். ஒப்பந்ததாரருக்குப் பணம் போயிருந்தால் கணக்குப் பிரிவில் பில்லும், உள்ளாட்சி நிதித் தணிக்கையில் அது பற்றிய குறிப்பும் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கமாகவும் போய்ப் பாருங்கள்.