அலகை மழுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த என் தாத்தாவின் மர இழைப்புளி (மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி) எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்பது வயது மகள் அதைக் கேட்டு அடம்பிடிக்கிறாள். கை வெட்டுப்படாதிருக்க அலகைச் சற்று மழுக்கிக் கொடுக்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மழுக்க வேண்டாம். மழுங்கிய அலகு மரத்தைச் சீவாமல் அதன்மேல் வழுக்கும். குழந்தை உடல் பாரத்தையெல்லாம் போட்டுத் தள்ளும்போது கருவி நழுவி, விரல் முட்டி மேசை விளிம்பில் மோதும். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள் கத்தியைத் தீட்டியே வைத்திருந்தார்கள். மழுங்கினால் பட்டை கிழியும் என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்களும் நன்றாகத் தீட்டுங்கள், ஆனால் அலகை மிகக் குறைவாக இறக்குங்கள். இழைப்புளியின் பின்புறத்தைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டினால் அலகு உள்ளேறும், அலகின் தலையைத் தட்டினால் இறங்கும். பிறகு அலகைப் பிடித்திருக்கும் ஆப்பை இறுக்க வேண்டும். இது உங்கள் வேலை, அவளுடையதல்ல.

இரண்டு கைகளும் கருவியைப் பிடித்திருக்கும்வரை அலகு விரலைத் தொட வழியில்லை. ஆகவே மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை தேவைப்படாதபடி, அதைக் கிளாம்பால் மேசையோடு இறுக்கிவிடுங்கள், அல்லது அதன் முன்னால் ஒரு தடுப்புக் கட்டையை அறைந்துவிடுங்கள். அவள் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் மரம் இருக்கட்டும். சமையலறை மேசை அதற்கு உயரம் அதிகம்.

நான் பார்த்த காயங்கள் பெரும்பாலும் இழைக்காத நேரத்தில் பட்டவைதான். பத்து வயதில், இழைப்புளியின் வாயில் அடைத்த மரச் சுருளை அடிப்பக்கத்திலிருந்து நோண்டினேன். அலகின் முனை நீட்டிக்கொண்டிருப்பது அங்கேதான். வலது சுட்டுவிரல் நுனியில் பிறை போன்ற தழும்பு இன்றும் இருக்கிறது. சுருளை எப்போதும் மேற்பக்கமாகவே, ஒரு குச்சியால் எடுக்க வேண்டும். வரவில்லையென்றால் ஆப்பைத் தளர்த்தி அலகையே கழற்றிவிட வேண்டும். கூர்மையைத் தடவிப் பார்க்கும் ஆசையும் இப்படித்தான். அதைக் காகிதத்தில் வெட்டிக் காட்டிவிடுங்கள், விரலை நீட்ட மாட்டாள்.

மரத்துக்கு, ரேகை நேராக ஓடும் பால்மரத் துண்டு ஒன்று போதும். ரேகைக்கு எதிராகத் தள்ளினால் அலகு குதித்து மரத்தைப் பிய்க்கும், அப்போது துண்டைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பழைய பேலட் பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி ஒன்று, உங்கள் தாத்தாவின் அலகில் பல் விழவைத்துவிடும்.